பக்கத்து வீட்டுச் சொற்கள்

பேராசிரியர் தணிகாசலம் சாதி பார்க்காதவர். இதைச் சொன்னது வேறு யாருமில்லை, அவரேதான். திருச்சியில் ஒலிபெருக்கி வைத்த மண்டபம் ஒன்று பாக்கியில்லாமல் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. பீரோவைத் திறந்தால் தன் புடவைகளைவிட இவருடைய பொன்னாடைகள்தான் அதிகம் என்று மனைவி சௌந்தரவல்லிக்கு ஒரு குறை உண்டு.

அப்படிப்பட்டவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லிக்கும் சட்னிக்கும் நடுவில், மகள் வான்மதி விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். பேரு நன்மாறன். மாட்டு டாக்டர்."

"அடடா, நல்ல தமிழ்ப் பேரா இருக்கே!"

நல்ல தமிழ்ப் பெயரில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதை வைத்து ஆள் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த வசதிக்காகவே இப்படிப்பட்ட பெயர்களை வைக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவரும் இவர்தான். ஆகவே தணிகாசலம் சுற்றி வளைத்தார். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், அவங்க அப்பா என்ன பண்றார், குலதெய்வம்னு ஏதாவது உண்டா?

"நீங்க கேக்க நெனக்கிறதை நேராவே கேட்டுடலாமேப்பா" என்றாள் வான்மதி. அவர் கேட்காததால் அவளே பதிலையும் சொல்லிவிட்டாள்.

இட்லி தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து அதைக் கீழே அனுப்பிவிட்டு, "சாதியா? நான் அதைப் பத்திக் கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் இத்தனை வருஷத்து மேடை என்ன ஆவது? சரி என்று சொன்னால் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது. அதாவது முடியாது என்ற சொல் வர வேண்டும், ஆனால் தன் வாயிலிருந்து வரக்கூடாது. யோசித்துப் பார்த்தவருக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. அறிவியலே சொல்லட்டுமே!

"சொல் பொருத்தம் பாத்துடலாம்மா. எல்லாரும் இப்ப அதானே பாக்கறாங்க."

சாதகப் பொருத்தத்தைக் கைகழுவிவிட்டு நாடு அப்போது சொல் பொருத்தத்துக்கு மாறியிருந்தது. அந்தக் கருவி முதலில் வந்தது பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்காக. தலையில் ஒரு வலைத்தொப்பியை மாட்டி, காதில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார்கள். மூளையில் ஒரு சொல் விழித்துக்கொள்ளும்போது அதனுடன் வேறு எந்தெந்தச் சொற்கள் விழித்துக்கொள்கின்றன என்று கருவி படம் போட்டுக் காட்டும். தொலைந்துபோன சொல்லை எந்தச் சொல்லின் கையைப் பிடித்துக் கூட்டிவரலாம் என்று மருத்துவர்கள் அதில் பார்ப்பார்கள். வான்மதி அரசு மருத்துவமனையில் அந்த வேலைதான் செய்தாள். ஆனால் நம் ஊரில் எந்தக் கருவி வந்தாலும் கடைசியில் அது கல்யாணத்தில் வந்துதான் நிற்கும். பெண்ணின் படத்தையும் பையனின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் நிலையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன.

"எங்களுக்குச் சாதியெல்லாம் முக்கியமில்லீங்க, சொல் ஒத்துப்போனா போதும்" என்று சனங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். சொல் ஒத்துப்போன கல்யாணங்கள் எல்லாம் எப்படியோ சொந்தச் சாதியிலேயே அமைந்தன. இது என்ன அதிசயம் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தணிகாசலத்துக்கு மட்டும் காரணம் தெரியும். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் மூளையில் சொற்களும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். கருவி யாரிடமும் சாதியைக் கேட்பதில்லை. தெருவை மட்டும் தெரிந்துகொள்ளும், அது போதாதா?

இதெல்லாம் வான்மதிக்கும் தெரியாதது அல்ல. இருந்தும் அவள், "சரிப்பா, பாத்துடலாம்" என்று உடனே ஒப்புக்கொண்டாள். தணிகாசலத்துக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பவனுக்குச் சந்தேகம் எங்கே வரும்?

நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி நாள் கேட்டபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. "குடும்பத் தலைவர்கள் ரெண்டு பேரும் தொப்பி போடணும் சார். கல்யாணம்னா ரெண்டு குடும்பம் சேர்றதில்லையா?" என்றது ஒரு பெண் குரல்.

தணிகாசலத்துக்கு வியர்த்தது. அவர் தலையைத் திறந்து உள்ளே இருப்பதைத் திரையில் போட்டுவிடுவார்களா? மகளுக்கும் அந்தப் பையனுக்கும் முன்னாலேயா? 

கடவுள் இல்லை என்று பேசுபவர்களுக்கும் சில சமயம் வழி திறந்துவிடும். மறுநாள் காலை செய்தித்தாளைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஒரு துண்டு விளம்பரம் விழுந்தது. 'உங்கள் சொற்களே உங்களைக் காட்டிக்கொடுக்கின்றனவா? கவலை வேண்டாம். சொல் சீரமைப்புப் பயிற்சி. புத்தூர்.' 

புத்தூரில் ஓர் இனிப்புக் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். சுவரில் வகைவகையான தொகுப்புகளின் பெயர்கள்: அடக்கமான மருமகள், அமெரிக்க மாப்பிள்ளை, முற்போக்குத் தந்தை. தாராளமான மாமியார் என்பதற்குப் பக்கத்தில், 'பயிற்சிக் காலம் அதிகம்' என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நடத்தியவள் டெய்சி ராணி என்ற முப்பது வயதுப் பெண். முதலில் தணிகாசலத்துக்குத் தொப்பியை மாட்டி அவருடைய அசல் படத்தை எடுத்தாள்.

"அகராதியில ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் போட்டிருக்கும் சார். மூளையில பொருள்னு தனியா எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்துல யாரு குடியிருக்காங்களோ, அதுதான் அந்தச் சொல்லோட பொருள். உங்களுக்கு மழைக்குப் பக்கத்து வீட்டுல பஜ்ஜி இருக்கு பாருங்க. கூரை ஒழுகுற வீட்டுக்காரருக்கு அந்த இடத்துல அண்டா குண்டான் இருக்கும்."

"அப்ப எதிர்ச்சொல்லெல்லாம் ரொம்ப தூரத்துல இருக்குமோ?" என்று இயற்பியல் பேராசிரியர் ஆர்வமாகக் கேட்டார்.

"அதுதான் இல்ல. பகலுக்கும் ராத்திரிக்கும் ஒரே சுவர். அன்புக்கும் வெறுப்புக்கும் எதிரெதிர் வீடு, கூப்பிட்டா கேக்கும். சண்டை போட்டுக்கறவங்க எப்பவும் கிட்டதான் இருப்பாங்க சார். தூரத்துல இருக்கறது ஒண்ணையொண்ணு பாத்தே இருக்காத சொற்கள். இப்ப உங்க சமத்துவத்தைப் பாக்கலாமா?"

திரையில் சமத்துவம் வந்தது. அதைச் சுற்றி மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை. கொஞ்சம் தள்ளிக் கைதட்டல். அதற்கும் அடுத்தாற்போல் ஏலக்காய் டீ. 

"மருமகன் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

டெய்சி படத்தை நகர்த்திக்கொண்டே போனாள். நகர்த்தினாள், நகர்த்தினாள், படம் தீர்ந்துபோகும் போலிருந்தது. "அது வெளியூர்ல இருக்கு சார்" என்றாள். பிறகு, கேட்காமலேயே 'மகள்' என்ற சொல்லைத் தட்டினாள்.

அதை ஒட்டி, இடையில் ஒரு மயிரிழைகூட நுழைய முடியாதபடி, மானம் என்று இருந்தது. பாசம் மூன்றாம் வீட்டில் இருந்தது. 

தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உண்மையிலேயே அவருக்கு வலித்தது. அவள் பிறந்தபோது மருத்துவமனை வாசலில் நின்று அழுதவர் அவர். அந்த அழுகை எந்த வீட்டில் குடியிருக்கிறது என்று இந்தக் கருவி ஏன் காட்டவில்லை?

"இதை மாத்த முடியுமா?"

"பக்கவாதம் வந்தவங்களுக்கே மாத்தறோம். அவங்களுக்குச் சொல் தொலைஞ்சு போயிருக்கு, உங்களுக்கு இடம் மாறி உக்காந்திருக்கு, அவ்வளவுதான்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒண்ணு சொல்லலாமா சார்? இதைவிட சுலபமா, உங்க பொண்ணுகிட்ட உக்காந்து மனசுல இருக்கறதைப் பேசிடலாம். நல்லதோ கெட்டதோ, பேசினா போதும். நான் பயிற்சியே தர வேண்டியதில்ல."

"எந்தத் தொகுப்பு சீக்கிரம் முடியும்?" என்றார் தணிகாசலம்.

அன்றிலிருந்து காதில் ஒரு சின்னக் கருவி ஏறியது. நடைப்பயிற்சியின்போது அது பாடம் சொல்லும், இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மருமகன், மகன். சம்பந்தி, சகோதரன். சாதி, குப்பை. மகள், தோழி. சரியாகச் சொன்னால் பின்மண்டையில் வெந்நீர் ஊற்றியதுபோல் ஒரு சுகம். தப்பாகச் சொன்னால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையைத்தான் தாங்க முடியாது.

"என்னங்க எப்பப் பாத்தாலும் முணுமுணுன்னு? மந்திரம் கிந்திரமா?" என்றாள் சௌந்தரவல்லி.

"அறிவியல்" என்று பதில் வந்தது.

பாடம் நன்றாகவே ஏறியது. கொஞ்சம் கூடுதலாகவே ஏறிவிட்டது. ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த மைத்துனர், "அடுத்த மாசம் நம்ம சாதி மாநாடு..." என்று ஆரம்பித்ததும் தணிகாசலம் "குப்பை" என்றார். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, தும்மல் மாதிரி வந்துவிட்டது. மைத்துனர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. 

பொருத்தம் பார்க்கும் நாள் வந்தது. நிலையத்தின் வரவேற்பறையில் நன்மாறனின் அப்பா பரமானந்தத்தைத் தணிகாசலம் முதல் தடவையாகப் பார்த்தார். வங்கி ஊழியர் சங்கத்தில் தலைவராக இருந்தவர், அவருக்கும் மேடை புதிதல்ல. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே மாதிரி கைகளை விரித்து, ஒரே குரலில் "சகோதரா!" என்று தழுவிக்கொண்டார்கள். சௌந்தரவல்லி பயந்தே போனாள்.

நான்கு பேருக்கும் தொப்பி மாட்டிப் படம் எடுத்த பிறகு, ஆய்வாளர் மிருணாளினி முதலில் பிள்ளைகள் இருவரின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "முப்பத்தொண்ணுதான் வருது" என்றாள்.

"என்ன காரணம்மா?" என்று தணிகாசலம் மிகுந்த துயரத்துடன் விசாரித்தார். உள்ளுக்குள் ஒரு குழந்தை குதித்துக்கொண்டிருந்தது.

"நிறைய சார். கோயில்னு சொன்னா உங்க பொண்ணுக்குப் பக்கத்துல சுண்டல் வருது. தம்பிக்கு வாசல்தான் வருது."

"உள்ள விட்டாத்தானே மேடம் சுண்டல் வரும்" என்றான் நன்மாறன் சாதாரணமாக. 

"டம்ளர்னா பொண்ணுக்குக் காபி. தம்பிக்குத் தனி." மிருணாளினி அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க, இது சாதியெல்லாம் இல்ல. சொல் ஒத்துப்போகல, அவ்வளவுதான்."

நன்மாறன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வான்மதி எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தணிகாசலம் தொண்டையைச் செருமினார். இதற்காக ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தார்.

"என் மனசுல எந்தத் தடையும் இல்லம்மா. ஆனா அறிவியலே சொல்லும்போது நாம என்ன செய்ய முடியும்?"

"அதேதான் நானும் சொல்றேன்" என்றார் பரமானந்தம், அதைவிட வருத்தமாக.

"இருங்க சார், இன்னும் முடியல" என்றாள் மிருணாளினி. "இது வெளிநாட்டுக் கணக்கு இல்ல, நம்ம நாட்டுக்காகத் திருத்தினது. கட்டிக்கப் போறவங்களுக்கு முப்பது பங்கு. குடும்பத் தலைவர்களுக்கு எழுபது."

"அம்மாக்களுக்கு?" என்று கேட்டாள் சௌந்தரவல்லி. அன்று அவள் அங்கே பேசியது அது ஒன்றுதான்.

"அவங்க அனுசரிச்சுப் போயிடுவாங்கன்னு வச்சுக்கிட்டாங்கம்மா" என்றபடி மிருணாளினி அப்பாக்கள் இருவரின் படத்தையும் போட்டாள். போட்டவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"தொண்ணூத்தொம்பது! ரெட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட எண்பதைத் தாண்டாது சார்! சம்பந்தின்னா உங்களுக்குச் சகோதரன், அவருக்கும் சகோதரன். மருமகள், மருமகன் எல்லாம் மகள், மகன். சாதின்னா ரெண்டு பேருக்கும் குப்பை. சேத்துப் பாத்தா உத்தமப் பொருத்தம்! ஒரு போட்டோ எடுத்து வாசல்ல மாட்டிக்கலாமா?"

தணிகாசலம் பரமானந்தத்தைப் பார்த்தார். பரமானந்தம் தணிகாசலத்தைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரி வியர்வை.

"கருவி... பழுதா இருக்குமோ?" என்றார் தணிகாசலம்.

"சந்தேகம்னா ஆழமான சோதனை ஒண்ணு இருக்கு சார். யாராவது முன்கூட்டியே பயிற்சி எடுத்திருந்தா அதுல தெரிஞ்சிடும். போட்டுப் பாத்துடலாமா?"

"வேண்டாம்!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

தேள் கொட்டிய திருடர்கள் இரண்டு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்கள். தணிகாசலம் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் கண் நிறையத் தண்ணீருடன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கல்யாணம் ஒரு பெரிய மண்டபத்தில், ஐயர் இல்லாமல், நாதஸ்வரத்தோடு, மேடையோடு நடந்தது. சமத்துவம் வீட்டு வாசற்படியில் தொடங்க வேண்டும் என்று தணிகாசலம் பேசியபோது முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். மைத்துனர் குடும்பத்தில் ஒருவரும் வரவில்லை. மேடையை விட்டு இறங்கும்போது பரமானந்தம் காதோடு காதாகக் கேட்டார்.

"நீங்களும் புத்தூரா?"

தணிகாசலம் தலையை ஆட்டினார்.

"எம்மவன் உங்க வீட்டுக்குள்ள வந்துட்டா, வாழ்நாள் பூரா அவனை ஒரு மாதிரி பாப்பீங்களேன்னு பயந்துட்டேங்க" என்றார் பரமானந்தம். "எங்கப்பாவை அப்படிப் பாத்திருக்காங்க. அதைச் சொல்லி அவனைத் தடுக்கலாம்னா, காதல் திருமணம் பண்ணுங்கன்னு நானே ஊரெல்லாம் பேசித் தொலைச்சிருக்கேன்." அவரிடம் இருந்தது பட்ட காயம், இவரிடம் இருந்தது வறட்டுப் பெருமை. ஆனால் இரண்டையும் மறைக்க ஒரே மாடிக்குத்தான் ஏறியிருக்கிறார்கள்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது வான்மதி அப்பாவை மணமகள் அறைக்குக் கூப்பிட்டாள். கழுத்தில் மாலை இல்லை, கழற்றி நாற்காலியில் போட்டிருந்தாள்.

"டெய்சி என்கூட ஆஸ்பத்திரியில வேலை பாத்தவப்பா" என்றாள்.

தணிகாசலத்துக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"அந்த நோட்டீஸ் ஊர்ல யார் வீட்டுப் பேப்பர்லயும் வரல. நம்ம வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும்தான். நம்ம வீட்டுல நான் வச்சேன், அங்க நன்மாறன் வச்சாரு. எங்களுக்கு நாப்பதுக்கு மேல வராதுன்னு எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் ஒரே பாடத்தை மனப்பாடம் பண்ணினாத்தான் கரையேற முடியும்."

"அடிப்பாவி! கெட்டிக்காரிதான் நீ" என்று சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"நோட்டீஸை வச்சிட்டு, நீங்க போகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்ப்பா. டெய்சிகிட்டகூடச் சொல்லி வச்சேன், ஒரு தடவை தடுத்துப் பாருடின்னு. நீங்க வந்து, 'எனக்குப் புடிக்கலம்மா, என்னால முடியல, சாதி என் புத்தியை விட்டுப் போக மாட்டேங்குது'ன்னு சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேன். சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போயிருப்பேன். ஆனா சண்டை போட எனக்கு ஒரு அப்பா இருந்திருப்பாரு." குரல் உடைந்தது. "இப்ப யாரோட சண்டை போடறது? நீங்க எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்றீங்க."

"அந்தப் படம்..." என்றார் தணிகாசலம். "முதல் நாள் எடுத்தது. அதை நீ..."

"பாத்தேன்."

வெளியே யாரோ பாயசம் கேட்டுக் கத்தினார்கள். தணிகாசலம் தோளிலிருந்த பொன்னாடையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தொப்பி இல்ல, கருவி இல்ல, நீங்களும் நானும்தான். நான் உங்களுக்கு யாருப்பா?"

"தோழி" என்றார் தணிகாசலம்.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பின்மண்டையில் வெந்நீர் ஊற்றியதுபோல் சுகமாக இருந்தது.

வான்மதி அவரையே பார்த்தாள். பிறகு குனிந்து, பொன்னாடையைச் சரியாக மடித்து அவர் தோளில் போட்டுவிட்டாள். 

"அது பதினோராவது பாடம்ப்பா" என்று சொல்லிவிட்டு, மாலையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவளைக் கூப்பிட வேண்டும் என்று தணிகாசலத்துக்குத் துடித்தது. பாடத்தில் இல்லாத ஒரு சொல் வேண்டும், சொந்தச் சொல், ஒன்றே ஒன்று போதும். உள்ளே போய்த் தேடினார். தோழிக்குப் பக்கத்தில் நம்பிக்கை, நம்பிக்கைக்குப் பக்கத்தில் சுதந்திரம், எல்லாம் புத்தூர் மாடியில் வரிசையாகக் குடிவைத்தவை. ஒவ்வொன்றாக விலக்கி அடியில் பார்த்தார். அங்கே, முதல் நாள் படத்தில் மகளை ஒட்டி இருந்த அந்தப் பழைய சொல் மட்டும் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தது. அவருக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அதை அவளிடம் சொல்ல முடியாது.

"சார், பந்தி முடியப்போகுது, சாப்பிட வாங்க" என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள்.

"இதோ வரேன், சகோதரா" என்றார்.